சுவர்மேல் பிள்ளைக்கு ஒரு வக்கீல்

எங்கள் திண்டுக்கல்லில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மனசு முறிந்துபோனால் வீட்டுக்கு நடுவில் சுவர் முளைக்கும். முதலில் தரையில் ஒரு கோடு தெரியும், கூட்டினால் போகாது, பினாயில் ஊற்றித் தேய்த்தாலும் போகாது. பிறகு அந்தக் கோடு ஒரு விரற்கடை எழும்பி நடப்பவர் காலைத் தட்டும். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. இடுப்புக்கு வந்துவிட்டால் சமையலறை ஒருத்திக்கும் டிவி ஒருத்தனுக்கும் என்று ஆகிவிடும். கொத்தனாரும் கிடையாது, சித்தாளும் கிடையாது, ஒரு சட்டி சிமெண்ட் கிடையாது, ஆனாலும் தூக்குநூல் பிடித்துக் கட்டியதுபோல நேராக வளரும். அது எப்போது தொடங்கியது, ஏன் எங்கள் ஊரில் மட்டும் முளைக்கிறது என்றெல்லாம் மெனக்கெட்டு ஆராய்ந்தவர் யாரும் இல்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டா துணி காயப்போடுகிறோம்?

நாங்கள் அதற்கேற்றபடி பழகிக்கொண்டோம். சுவர் உத்தரத்தைத் தொட்ட வீட்டுக்கு மின்வாரியம் தனித்தனி மீட்டர் கொடுத்தது. நகராட்சி ஒரே கதவெண்ணுக்குப் பின்னால் ஒரு பக்கத்துக்கு 'அ' என்றும் மறுபக்கத்துக்கு 'ஆ' என்றும் எழுதிவிட்டுப் போனது. வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், குடியிருக்கும் காலத்தில் முளைக்கும் சுவருக்கு வெள்ளையடிப்பது குடித்தனக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே கண்ணை மட்டும் தரைப்பக்கம் ஓடவிடுவார்கள். கௌரவம் பார்க்கிற குடும்பங்கள் இடுப்புயரச் சுவரை ஒட்டி ஷோகேஸ் செய்து, அதற்குள் மரப்பாச்சியும் தாஜ்மகாலும் வைத்து, இது நாங்களாகவே கட்டியது என்று சாதிப்பார்கள். நாங்களும் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவோம், தெருமுனை திரும்பும்வரை வாயை மூடிக்கொண்டு.

சுவர் இருந்தால் வக்கீலும் இருக்கத்தானே வேண்டும். எங்கள் குடும்பநல நீதிமன்றத்து வக்கீல்கள் எல்லாரும் நேர்வழியில் அங்கே வந்தவர்கள் அல்ல. ஒருவர் கிரிமினல் கேஸ் நடத்தி, கட்சிக்காரர்களின் முகத்தைப் பார்க்கவே பயந்துபோய் இந்தப் பக்கம் ஒதுங்கியவர். ஒருவர் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பார்த்துவிட்டு ராஜினாமா செய்தவர், எந்தத் தாலிச்சங்கிலியைப் பார்த்தாலும் பழக்கதோஷத்தில் எடை சொல்லிவிடுவார். கணீர்க்குரல் திருவேங்கடம் நாடக சபாவில் ராஜபார்ட் போட்டவர். அவர் வாதாடினால் கட்சிக்காரரே தன் கதையைக் கேட்டுக் கைதட்டுவார். கெட்டிக்காரர்கள்தான், குறைசொல்ல மாட்டேன். ஆனால் வக்கீல் என்று வெறுமனே சொன்னால் எங்கள் ஊரில் அது செசிலியா அம்மாவைத்தான் குறிக்கும்.

செசிலியா வளர்ந்ததே ஒரு சுவரின்மேல். அப்பா அந்தோணிமுத்து பூட்டுப் பட்டறை வைத்திருந்தார், அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர். வேதக்காரக் குடும்பம், பிரிவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதா கோவிலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவது வழக்கம் ஆகையால், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருவரையும் தள்ளித் தள்ளிப் பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் சுவர் முழங்கால் உயரம் இருந்தபோது பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்த சிறுமி, அது உயர உயரத் தானும் உயர்ந்தாள். அங்கேயே படித்தாள், அங்கேயே தூங்கினாள், ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு இருவருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நாய்கூடத் தின்னாது இந்தக் குழம்பை என்று அப்பா கத்தினால், அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டுமாம் என்று அம்மாவிடம் சொல்வாள். வாயில் மண்ணைப் போட்டுக்கொள்ளச் சொல் என்று அம்மா சொன்னால், நாளைக்குப் பார்த்துப் போடுகிறாராம் என்று அப்பாவிடம் திரும்புவாள். சட்டக்கல்லூரிக்கு மதுரை போனது பிற்பாடுதான். தொழிலை அவர் கற்றது அந்தச் சுவர்மேல்.

எந்தப் பக்கம் இறங்கிக் கல்லூரிக்குப் போனார் என்பதில் மட்டும் ஊருக்குள் இன்றுவரை தகராறு. அம்மா பக்கம்தான் என்று அம்மா வழிச் சொந்தமும், சத்தியமாக அப்பா பக்கம்தான் என்று பட்டறைக்காரர்களும் சொல்வார்கள். அவரிடமே கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

வக்கீல் தொழிலில் அவருக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. கட்சிக்காரர் படியேறி வந்தால், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்து, முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிடவில்லை என்றால் இட்லி வரும்வரை வழக்கைப் பேசவிட மாட்டார். மனு எழுதுவதற்குமுன் அந்த வீட்டுக்கே போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்பார், மறுபக்கத்தில் இருப்பவர் இருமுவதோ, தனியாகச் சிரிப்பதோ, பாத்திரத்தைத் தேவைக்குமேல் சத்தமாகக் கழுவுவதோ அவருக்குச் சாட்சியாகும். சேர்த்துவைப்பது என் வேலை இல்லை, காயமில்லாமல் பிரித்துவிடுவதுதான் என் வேலை என்று வெளிப்படையாகச் சொல்வார். அவர் பிரித்துவைத்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் என்று வந்தால், ஒரே கல்யாணத்துக்கு 'அ' வீட்டிலிருந்தும் 'ஆ' வீட்டிலிருந்தும் தனித்தனியாகப் பத்திரிகை வரும், அவரும் இரண்டு வீட்டுக்காரர்களோடும் மாறி மாறி உட்கார்ந்து இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு வருவார். தனக்குக் கல்யாணம் ஆகாத பொறாமையில் பிரிக்கிறாள் என்று சொன்ன நாக்குகளும் ஊரில் உண்டு. அந்த நாக்குகளுக்குச் சொந்தக்காரர்கள் வீட்டில் கோடு விழுந்த அன்றைக்கு அவர்கள் ஓடிவந்து ஏறியதும் அந்த மாடிப்படியைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் மோட்டார் பம்ப் கடை நல்லசிவத்தின் வீட்டில் சுவர் எழுந்தது. அவர் மனைவி தமயந்தி நகைக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். இருவரும் கெட்டவர்கள் இல்லை, நல்லவர்கள் இருவர் ஒரே வீட்டில் மூச்சுமுட்டிக் கிடந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கிற கோதை என்று ஒரே பெண். சுவர் இடுப்பளவுக்கு வந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், புத்தகப்பையோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஏறியவள் இறங்கவில்லை.

அம்மா பால் ஆற்றிக் கொடுத்துக் கூப்பிட்டாள், வரவில்லை. அப்பா சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டார், வரவில்லை. தூக்கி இறக்கலாம் என்று யாராவது ஒரு பக்கத்திலிருந்து கையை நீட்டினால் சுவர் சட்டென்று ஒரு முழம் வளர்ந்து அவளைக் கைக்கு எட்டாமல் கொண்டுபோய்விட்டது. தீயணைப்புக்காரர்கள் வந்து பக்கத்துக்கு ஒன்றாக ஏணி சாத்திப் பார்த்துவிட்டு, ஏணிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். சுவரை இடித்தால் கடப்பாரைதான் வளைந்தது. மேலே இருந்ததோ கான்கிரீட் தளம். மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள், இன்னும் ஒரு முழம் வளர்ந்தால் பிள்ளைக்கும் தளத்துக்கும் நடுவில் மூச்சுவிட இடமிருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது. தமயந்தி வேலைக்குப் போகாமல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். மறுபக்கம் நல்லசிவமும் அப்படியே நின்றார். பிள்ளை தனக்கு வேண்டும் என்று இருவரும் மனுப் போட்டிருந்தார்கள்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. முறுக்கு, கடலைமிட்டாய், பலூன் என்று ஆளுக்கொன்று கொண்டுபோனோம், கழியில் கட்டி மேலே நீட்டினோம், பாசமாகத்தான் பேசினோம். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும், மடியில் உட்காரவைத்துக் கன்னத்தைக் கிள்ளி முதலில் கேட்கிற ஒரு கேள்வி உண்டே, அம்மாவைப் பிடிக்குமா அப்பாவைப் பிடிக்குமா என்று, அதை அவளிடமும் கேட்டோம். அவள் புத்தகப்பையைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் சளைக்காமல் கேட்டோம்.

நீதிபதி நல்ல மனுஷர், பேரப்பிள்ளைகள் உள்ளவர். பிள்ளையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர முடியாது என்று ஆனதும், பிள்ளைக்கென்று செசிலியா அம்மாவை வக்கீலாக நியமித்து, அவள் யாரிடம் இருக்க விரும்புகிறாள் என்று நேரில் கேட்டறிந்து சொல்லும்படி உத்தரவு போட்டார். எந்த வழக்குக்கும் வாய்தா வாங்கிப் பழக்கமில்லாத செசிலியா அம்மா அன்று மத்தியானமே கறுப்புக் கோட்டோடு போய் நின்றார். அறுபதைத் தாண்டிய உடம்பு, முழங்கால் வலி வேறு. அம்மா பக்கத்து ஏணியில் ஏறுவதா அப்பா பக்கத்து ஏணியில் ஏறுவதா என்று நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, அம்மா பக்கத்தில் ஏறினார். ஏறியவர் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, குதிரைமேல் உட்காருவதுபோலப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். தலை தளத்தில் இடித்ததால் கழுத்தைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுவர் ஒரு நூல்கூட வளரவில்லை.

அவர் எதையும் கேட்கவில்லை. தளத்து மூலையில் பல்லி முட்டை வைத்திருப்பதைக் காட்டினார். இங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய உச்சந்தலையும் தெரியும், யாருக்கு வழுக்கை விழப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றார். கோதை கீழே குனிந்து, வேடிக்கை பார்க்க வந்திருந்த திருவேங்கடம் வக்கீலின் தலையைப் பார்த்துவிட்டுப் பலநாள் கழித்து முதல்முறையாகச் சிரித்தாள். இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். அப்போதுதான் நல்லசிவத்தின் அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கியவள், பையைக்கூடக் கீழே வைக்காமல், கண்ணில் தண்ணீரோடு அண்ணாந்து, தங்கம், உனக்கு அம்மா வேணுமா அப்பா வேணுமாடா, அத்தைகிட்டச் சொல்லு என்றாள். செசிலியா அம்மாவுக்குத் தன் அடியில் சுவர் நகர்வது தெரிந்தது. தளம் இறங்கி வந்ததுபோல அவர் கழுத்தை இன்னும் அழுத்தியது. எதிரே பிள்ளை தலையைக் குனிந்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். செசிலியா அம்மா அந்த அத்தையைத் திட்டவில்லை, அவள் கேட்டது அன்பினால்தான். ஆனால் சின்ன வயதில் அப்பாவின் பட்டறை ஆட்களும் அம்மாவின் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் வந்து வந்து தன்னிடம் கேட்டதும், ஒவ்வொரு தடவையும் தளம் நெருங்கியதும், அப்போது அவருக்கு உடம்போடு ஞாபகம் வந்தது.

மறுநாள் கோர்ட்டில் நீதிபதி ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"நான் கேக்கலைங்கய்யா. கேக்கவும் மாட்டேன்" என்றார் செசிலியா அம்மா. "அந்தக் கேள்விதான் சுவரு. இந்த ஊரே தினம் ஒரு கல்லு எடுத்து வச்சிக்கிட்டிருக்கு. கோர்ட்டும் ஒரு கல்லு வச்சா பிள்ளை நசுங்கிப்போகும்."

கோர்ட்டின் உத்தரவை இப்படி முகத்துக்கு நேராக மறுத்த வக்கீலை எங்கள் நீதிமன்றம் கண்டதில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார், முந்தின ஞாயிற்றுக்கிழமை தன் பேரனை மடியில் வைத்துக்கொண்டு தான் என்ன கேட்டோம் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கோதையிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று, இன்னார் என்று இல்லாமல் ஊரார் அனைவருக்கும் அன்றே தடையுத்தரவு போட்டார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து தெருத்தெருவாக அறிவித்தார்கள்.

அந்த உத்தரவை நாங்கள் கடைப்பிடித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். கேள்வி தொண்டைவரை வரும், விழுங்குவோம். விழுங்கினால் விக்கல் எடுக்கும். அந்த வாரம் ஊர் முழுக்க விக்கலாக இருந்தது, பஸ்ஸில், ரேஷன் வரிசையில், பள்ளிக்கூட வாசலில். கேட்காமல் பிள்ளைகளிடம் வேறு என்னதான் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை, தெரியாமல் தடுமாறி, இன்றைக்கு என்ன விளையாடினாய் என்று கேட்க ஆரம்பித்தோம். பிள்ளைகள் சொல்லச் சொல்ல முடிவதாகவே இல்லை, எங்கள் விக்கலும் நின்றது. நல்லசிவம் வீட்டுச் சுவர் வளராமல் நின்றுவிட்டது.

ஆனாலும் கோதை இறங்கவில்லை. வாயால் கேட்காவிட்டால் என்ன, அவள் காலை எந்தப் பக்கம் ஊன்றினாலும் அதுவே ஒரு பதில் ஆகிவிடுமே. தமயந்திக்கு அது புரிந்தது, நல்லசிவத்துக்கும் புரிந்தது, புரிந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் அவரவர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செசிலியா அம்மா மறுபடி ஏறிச் சுவர்மேல் உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் கேட்கும்படி பேசினார். "சுவர இடிங்கன்னு நான் சொல்லல. நீங்க பிரியணும்னா பிரிஞ்சிருங்க, அதுக்கு நானே எழுதித் தர்றேன். பிள்ளைக்கு ஒரு கதவு மட்டும் வைங்க. அவ உசரத்துக்குப் போதும்."

கடப்பாரையே இறங்காத சுவரில் கதவு எப்படி வைப்பது என்று நல்லசிவம் கேட்டார். ஒருத்தர் இடித்தால் இறங்காது, இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து ஒரே இடத்தில் இடித்துப் பாருங்கள் என்றார் அவர். அது எந்த வேதத்திலும் சட்டத்திலும் இருப்பதாக அவர் சொல்லவில்லை. தன் அப்பாவும் அம்மாவும் ஒருநாளாவது செய்வார்களா என்று சுவர்மேல் உட்கார்ந்து அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்த காரியம் அது, அவ்வளவுதான்.

ஆளுக்கொரு உளியும் சுத்தியலும் கொடுத்தோம். ஒரே இடம் என்றால் எந்த இடம் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? தமயந்தி சுவரை விரலால் தட்டினாள். மறுபக்கம் காதை வைத்துக் கேட்ட நல்லசிவம் திரும்பத் தட்டினார். அவர் தட்டியது மேலே இருந்தது. அவள் கீழே தட்டினாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, எங்களில் ஒருவரும் யோசனை சொல்லவில்லை. எங்கள் ஊர் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை. கடைசியில் தமயந்தி சுவரில் வாயை வைத்து, "இங்கயா?" என்றாள். வருஷம் ஒன்றுக்குமேல் ஆகியிருந்தது, அவர்கள் நேராக ஒரு வார்த்தை பேசி.

"இன்னும் கொஞ்சம் உன் இடது கைப்பக்கம்" என்றார் நல்லசிவம். "ம். அங்கதான்."

உளி இறங்கியது. பிஸ்கட்டுபோல உதிர்ந்தது அந்தச் சுவர். சாயங்காலத்துக்குள் ஓட்டை விழுந்து, அது பெரிதாகி, ஒரு பிள்ளை குனியாமல் போகிற அளவுக்குத் திறந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையெல்லாம் வெள்ளையாக, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இனி இருவரும் கட்டிக்கொண்டு அழுது சேர்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்த எங்களில் பலபேர் ஏமாந்துபோனார்கள். கண்ணுக்குள் தூசி விழாமல் பாத்துக்கோ என்று அவர் சொன்னார், சரி என்று அவள் சொன்னாள், அதற்குமேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பிற்பாடு செசிலியா அம்மாவே மனு எழுதி, முறைப்படி இருவரும் பிரிந்தார்கள். அந்தக் கதவுக்கு எந்தப் பக்கமும் தாழ்ப்பாளோ பூட்டோ இருக்கக் கூடாது என்று நீதிபதி தீர்ப்பில் சேர்த்தார். பூட்டு விற்றுப் பிழைக்கிற எங்கள் ஊரில் பூட்டில்லாத முதல் கதவு அதுதான். இப்போது பல வீடுகளில் வைத்துவிட்டார்கள்.

மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கோதை செசிலியா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் இப்படி உக்காந்திருந்தீங்கன்னு திருவேங்கடம் அங்கிள் சொன்னாரு. நீங்க எந்தப் பக்கம் இறங்குனீங்க மிஸ்?"

நாங்கள் எல்லாரும் அண்ணாந்தோம். இந்த ஊர் அத்தனை வருஷம் கேட்டுச் சலித்த கேள்வி. செசிலியா அம்மா இந்தமுறை சிரிக்கவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை.

"ரெண்டு பக்கமும் இல்ல பாப்பா. சுவத்துக்கு நேரா ஒரு ஜன்னல் இருந்துச்சு, அது வழியா தெருவுல குதிச்சு ஓடிட்டேன். எங்க அம்மா செத்தப்பவும் வாசல்ல நின்னேன். அப்பா செத்தப்பவும் வாசல்லதான். வீட்டுக்குள்ள நான் இன்னும் இறங்கவே இல்ல."

கூட்டத்தில் சிலபேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பட்டறைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார். எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கரைசேர்த்தவர், எத்தனை பேருக்கு வலிக்காமல் வழி செய்து கொடுத்தவர், தான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டுதான் அத்தனையும் செய்திருக்கிறார் என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

கோதை அவர் கோட்டின் நுனியைத் தடவிப் பார்த்தாள். பிறகு புத்தகப்பையை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். காலை ஊன்றிய மறுநொடி அந்தக் கதவுக்குள் புகுந்து மறுபக்கம் ஓடினாள், அங்கிருந்து திரும்ப இந்தப் பக்கம், திரும்ப அந்தப் பக்கம், அம்மாவின் இடுப்பைத் தொட்டுவிட்டு அப்பாவிடம், அப்பாவின் வேட்டியைப் பிடித்துவிட்டு அம்மாவிடம் என்று சுண்ணாம்புத் தூசி பறக்க ஓடி ஓடி, அவள் முதலில் எந்தப் பக்கம் இறங்கினாள் என்பது பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே மறந்துபோகும்வரை ஓடினாள். ஓடியவள் மூச்சிரைக்க ஏணியடியில் வந்து நின்று, இரண்டு கையாலும் ஏணியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இறங்குங்க மிஸ். நான் பிடிச்சுக்கிறேன்."

கோட்டை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று செசிலியா அம்மா இறங்கினார். கடைசிப் படியிலிருந்து தரையில் காலை வைத்ததும் அப்படியே பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எந்தப் பக்கம் இறங்கினார் என்று எங்கள் ஊரில் அன்றும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் யாரும் கேட்டதில்லை.